படத்துக்குள் நிறுத்தப்பட்டவர்கள்

கனடாவின் வான்கூவர் நகரத்துக் கலைஞர் ஜெஃப் வால் 1992இல் முடித்த ஒரு படத்தில், ஆப்கானிஸ்தான் மலைச்சரிவு ஒன்றில் மறைந்திருந்து தாக்கப்பட்டு மாண்ட சோவியத் சிப்பாய்கள் பதின்மூன்று பேர் கிடக்கிறார்கள். மாண்டவர்கள் பேசிக்கொண்டும் இருக்கிறார்கள். ஒருவன் ஒரு சதைத் துண்டைத் தோழனின் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டுகிறான், சிலர் சிரிக்கிறார்கள். நான்கு மீட்டருக்கு மேல் அகலமுள்ள அந்தப் படத்தில் ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த கல் ஒன்றுகூட இல்லை. சரிவு ஸ்டூடியோவுக்குள் கட்டியது, சிப்பாய்கள் நடிகர்கள், தனித்தனியாக எடுத்த பகுதிகளைக் கணினியில் இணைத்தே வால் அந்த ஒற்றைக் காட்சியை உண்டாக்கினார். அது ஒரு கற்பனைத் தோற்றம் என்று படத்தின் நீண்ட தலைப்பே சொல்லிவிடுகிறது. போர்ப் படங்களைப் பற்றி 2003இல் சூசன் சோன்டாக் வெளியிட்ட நூல் இந்தப் படத்தோடுதான் முடிகிறது. போரைக் காணாதவர்களுக்குப் போர் புரியாது என்பதைச் சொல்ல, களத்தில் எடுத்த ஆயிரமாயிரம் படங்கள் இருக்க, முழுக்கப் புனைந்த ஒன்றையே அவர் எடுத்துக்கொண்டார்.

இதற்கு எதிரே இன்னொரு படத்தொகுதியை வைத்துப் பார்க்க வேண்டும். இத்தாலியப் புகைப்படக்காரர் அலெஸ்ஸியோ மாமோ 2011இல் உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் ஆகியவற்றின் ஏழைக் கிராமங்களுக்குப் போனார். கூடவே ஒரு மேசையும் பொய்யான உணவு வகைகளும் போயின. கிராமத்து மக்களை மேசைக்குப் பின்னால் நிறுத்தி, கண்களைக் கைகளால் மூடிக்கொண்டு, சாப்பிட விரும்பும் உணவைக் கனவு காணச் சொன்னார். 2018 ஜூலையில் அந்தப் படங்கள் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வந்தபோது உலகெங்கும் கோபம் கிளம்பியது. மாமோ மன்னிப்புக் கேட்டார். உணவு பொய் என்பதை அவர் மறைக்கவில்லை என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த மக்கள் யாருக்காக, எதற்காக அப்படி நிற்கிறார்கள் என்பதில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இருந்ததாகப் படத்தில் தெரியவில்லை. பசியை அறிந்தவர்கள், உண்ண முடியாத உணவின் முன்னால், கண்ணையும் மூடிக்கொண்டு நிற்கிறார்கள்.

இரண்டுமே அமைத்து எடுத்தவை. ஒன்று உறுத்துகிறது, மற்றது உறுத்தவில்லை. அப்படியானால் குற்றம் அமைப்பதில் இல்லை. காட்சிகளைக் கட்டி எடுக்கும் கலைஞர்கள் உண்மைக்கும் பொய்க்கும் நடுவிலுள்ள கோட்டை அழிக்கிறார்கள் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறோம். அந்தப் பழியைத் தவறான ஆட்கள்மீது போடுகிறோம் என்பதே என் வாதம். கோட்டை அழித்தவர்கள், அமைத்துவிட்டு அமைத்ததைச் சொல்லாமல் விட்டவர்கள். அந்த மௌனத்துக்கு மிகப் பெரிய விலை கொடுத்தவர்கள், ‘மாட்டேன்’ என்று சொல்ல வலுவில்லாமல் படத்துக்குள் நிறுத்தப்பட்டவர்கள். தெருக்கூத்தில் திரௌபதி வேடம் கட்டி வரும் ஆணைப் பார்த்து யாரும் ஏமாற்றுக்காரன் என்று சொல்வதில்லை. வால் செய்தது அந்த வகை. வேடத்தை வேடமென்று சொல்லாமல், ஒப்பனையே இல்லாத முகத்தோடு வந்த படங்களைத்தான் நாம் சாட்சி என்று நம்பினோம்.

அந்த நம்பிக்கையின் வரலாறு இனிமையானதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலையில், கெட்டிஸ்பர்க் களத்துக்குப் போன அலெக்சாண்டர் கார்ட்னரின் குழு, இறந்து கிடந்த இளம் சிப்பாய் ஒருவனின் உடலை ஏறக்குறைய 40 கஜம் தூக்கிச் சென்று, பாறைகளுக்கிடையே கிடத்தி, பக்கத்தில் ஒரு துப்பாக்கியைச் சாய்த்து வைத்துப் படமெடுத்தது. 1866இல் வெளியிட்ட தொகுப்பில் கார்ட்னர் அவனை மறைந்திருந்து சுடுபவன் என்று குறிப்பிட்டு, அவன் தனியே கிடந்து செத்த கதையையும் எழுதிச் சேர்த்தார். அதே உடல் வேறோர் இடத்தில் கிடக்கும் படங்களை ஒப்பிட்டு வில்லியம் ஃபிரசனிட்டோ என்ற ஆய்வாளர் 1975இல் உண்மையை நிறுவும்வரை, நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கதையே வரலாறாக இருந்தது. அதற்கு முன்பே, 1858இல், லக்னோ சிக்கந்தர் பாக் மாளிகையின் முன்னால் ஃபெலிச்சே பியாட்டோ எடுத்த படத்தில் கிளர்ச்சியாளர்களின் எலும்புகள் சிதறிக் கிடக்கின்றன. அங்கே படுகொலை நடந்தது 1857 நவம்பரில். மாதங்கள் கழித்து வந்தவரின் கேமராவுக்காக அந்த எலும்புகள் பரப்பப்பட்டன. இரண்டு இடங்களிலும் பிணத்திடம் யாரும் அனுமதி கேட்கவில்லை என்பது வெளிப்படை. தோற்றவர்களின் உடலை வென்றவர்கள் தங்கள் கதைக்கேற்ப அடுக்கினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

தமிழ் வாசகர்களுக்கு இதைவிட நெருக்கமான சான்று ஒன்று உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் கண்ணில் படும் புகைப்படங்களில் மிகுதியானவை வில்லபி வாலஸ் ஹூப்பர் என்ற ஆங்கிலேயர் எடுத்தவை. அவர் சென்னைக் குதிரைப் படையின் அதிகாரி. விலா எலும்புகள் துருத்திய ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் குழுகுழுவாக நிறுத்தியும் உட்காரவைத்தும் கேமராவை நோக்கித் திருப்பப்பட்டிருக்கிறார்கள். குடும்பப் படம் எடுக்கும் ஒழுங்கில் பசி அடுக்கப்பட்டிருக்கிறது. பெயர் இல்லை, ஊர் இல்லை. அப்படிப் படமெடுக்கப்பட்டவர்களுக்கு அவர் உணவோ உதவியோ தராமல் திருப்பி அனுப்பினார் என்ற கண்டனம் அவர் காலத்திலேயே எழுந்தது. ஹூப்பர் அதோடு நிற்கவில்லை. 1886இல் மாண்டலேயில் ராணுவக் காவல் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது, பர்மியக் கைதிகளைச் சுட்டுக் கொல்லும் கணத்தைப் புகைப்படத் தட்டில் பிடிக்கும் நோக்கில், கேமரா தயாராகும்வரை சுடும் ஆணையைத் தாமதப்படுத்தினார் என்று குற்றம் சாட்டப்பட்டார். செய்தி லண்டன் பத்திரிகைக்குப் போய், நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்து, விசாரணையும் நடந்தது. காட்சியை அமைக்கும் அதிகாரமும் உயிரை எடுக்கும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தன என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டும் வாழ்க்கை வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. பஞ்சம் உண்மை. இறந்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. ஹூப்பரின் படங்கள் இங்கிலாந்தில் பஞ்சத்தின் கொடுமையை உணர்த்தின, நிவாரணத்துக்குப் பணம் திரளவும் உதவின. கெட்டிஸ்பர்க்கில் அந்த இளைஞன் செத்ததும் உண்மை. பெரிய உண்மை ஒன்று ஊரைச் சென்றடைய, சின்ன ஏற்பாடு ஒன்றைச் செய்தால் என்ன என்று கேட்பார்கள். அதற்கு 1936இல் அமெரிக்காவில் நடந்தது நல்ல பதில். வறட்சியால் பாழ்பட்ட தெற்கு டகோட்டாவில், அரசுத் திட்டம் ஒன்றுக்காகப் படமெடுத்துவந்த ஆர்தர் ராத்ஸ்டீன், வெடித்த தரையில் கிடந்த மாட்டு மண்டையோட்டைச் சில அடி நகர்த்தி வைத்து வெவ்வேறு கோணங்களில் எடுத்தார். அது தேர்தல் ஆண்டு. அதிபர் ரூஸ்வெல்ட் அந்தப் பகுதியில் பயணம் செய்துகொண்டிருந்தபோது, மண்டையோடு நகர்ந்த கதையை எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் கண்டுபிடித்தன. வறட்சியே அரசு கிளப்பிய புரளி என்பதுபோல எழுதின. மாடுகள் செத்தது உண்மை, விவசாயிகள் நிலத்தை விட்டு ஓடியது உண்மை. சில அடி நகர்ந்த ஓர் எலும்பு அத்தனையையும் சந்தேகத்துக்குள் தள்ளிவிட்டது. பெரிய உண்மைக்காகச் செய்த சின்ன ஏற்பாடு, அந்தப் பெரிய உண்மையை மறுக்க விரும்புகிறவன் கையில்தான் முதலில் போய்ச் சேர்கிறது. நிவாரணம் தேவைப்பட்டவர்கள்தான் அதில் நஷ்டப்படுகிறார்கள்.

எல்லாப் படமும் அமைத்ததுதானே, சட்டகத்துக்குள் எதை வைப்பது எதை விடுவது என்பதே ஓர் ஏற்பாடுதானே என்று இன்னொரு தரப்பு சொல்லும். கல்லூரிக் கருத்தரங்குகளில் இது செல்லுபடியாகும். வாசகர் அவ்வளவு அப்பாவி அல்லர். கேமரா ஒரு திசையை மட்டுமே பார்க்கும், மறுபக்கமும் ஒன்று இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் திசையில் இருந்த பொருளைப் புகைப்படக்காரர் கொண்டுவந்து வைத்தார் என்பதுதான் தெரியாது. நம் ஊர் ஸ்டூடியோக்களின் வழக்கத்தை நினைத்துப் பார்க்கலாம். மாளிகைப் படிக்கட்டும் நீரூற்றும் வரைந்த திரை, பக்கத்தில் உயரமான ஸ்டூல், அதன்மேல் பிளாஸ்டிக் பூ. திருமணமான புதிதில் அங்கே போய் நின்ற தம்பதிகள் எவரும் மாளிகையில் வாழ்ந்ததாக யாரும் நம்பவில்லை. அவர்களும் நம்ப வைக்க முயலவில்லை. எந்தத் திரை வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள், காசும் அவர்களே கொடுத்தார்கள். முழுக்க முழுக்கப் புனைவான அந்தப் படங்கள் ஹூப்பரின் ‘உண்மை’ப் படங்களைவிட எத்தனையோ மடங்கு நேர்மையானவை. அந்தத் தம்பதி எப்படித் தெரிய ஆசைப்பட்டார்களோ அப்படியே இருக்கிறார்கள்.

இந்த வேறுபாட்டை நன்றாக உணர்ந்து வேலை செய்தவர்களில் பெங்களூருவின் புஷ்பமாலா என். முக்கியமானவர். கிளேர் ஆர்னி என்ற புகைப்படக்காரரோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை அவர் உருவாக்கிய தென்னிந்தியப் பெண்கள் வரிசையில், ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள படங்களைத் தானே வேடமிட்டு மறுபடி அமைத்தார். ரவி வர்மாவின் லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, செய்தித்தாளில் வந்த குற்றவாளிப் பெண்களின் படம், ஜெயலலிதா நடித்த தமிழ்ப் படக் காட்சி ஒன்று எல்லாம் அதில் உண்டு. சதுரக் கட்டம் போட்ட திரையின் முன் பழங்குடிப் பெண்ணை நிறுத்தி உடலை அளந்த காலனியப் படங்களின் அச்சிலும் சில படங்களை எடுத்தார். அளக்கப்பட்ட பெண்ணுக்குச் சொல்ல வாய்ப்பில்லாததை, அதே கட்டத்தின் முன் தானே போய் நின்று சொல்கிறார். செட் போடுவதையும் ஒப்பனை செய்வதையும் விளக்கு வைப்பதையும் காட்டும் படங்களையே அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாக அவர் காட்சிக்கு வைத்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். எப்படி எடுத்தேன் என்பதும் எடுத்ததன் பகுதியே என்கிறார்.

மகாராஷ்டிரத்தின் ஜவ்ஹார் பகுதியில் கௌரி கில் 2015இல் தொடங்கிய பணியும் இந்த வகைதான். அங்கே பழங்குடிக் கலைஞர்கள் சடங்குக்காகக் காகிதக் கூழில் தெய்வ முகமூடிகள் செய்வார்கள். இன்றைய அன்றாட வாழ்வுக்கான முகமூடிகளைச் செய்து தரும்படி கில் அவர்களைக் கேட்டார். மனிதர், விலங்கு, வீட்டுப் பொருள் என்று அவர்கள் செய்து, அணிந்து, கடையிலும் மருத்துவமனையிலும் வீட்டு முற்றத்திலும் காட்சிகளை நடித்துக் காட்டினார்கள். மாமோவின் மேசைக்குப் பின்னால் நின்றவர்களைப் போலவே இவர்களும் முகம் மறைத்தவர்கள், கிராமத்தவர்கள், வெளியிலிருந்து வந்த ஒரு கேமராவின் முன்னால் நிற்பவர்கள். ஆனால் முகத்தை மறைத்த பொருள் அவர்கள் கையால் செய்தது. அந்த ஒரு மாற்றத்தில் எல்லாமே மாறிவிடுகிறது.

எப்படி எடுத்தது என்று சொல்லிவிட்டால் படத்தின் மாயம் போய்விடும் என்று கவலைப்படுபவர்கள் கிரெகரி க்ரூட்சனைப் பார்க்கலாம். மேற்கு மாசச்சூசெட்ஸின் சிற்றூர்களில் தெருவை அடைத்து, சினிமாக் குழுவைக் கொண்டுவந்து, செயற்கை மழையும் மூடுபனியும் வரவழைத்து ஒரே ஒரு ஃபிரேமை எடுப்பவர் அவர். அந்த வேலையைக் காட்டும் ஆவணப்படமே 2012இல் வந்தது. அதற்குப் பிறகும் அவருடைய அந்தி வெளிச்சத் தெருக்களின் முன்னால் மக்கள் நின்று பார்க்கிறார்கள். மாயம் போனது சொல்லாதவர்களுக்குத்தான். பாரிஸ் நகரசபைக் கட்டடத்தின் முன்னால் இளம் காதலர்கள் முத்தமிடும் ராபர்ட் துவானோவின் படம் 1950இல் லைஃப் இதழில் வந்து, பின்னாளில் உலகமெங்கும் சுவரொட்டியாக ஒட்டப்பட்டது. படத்தில் இருப்பது நாங்கள்தான் என்று ஒரு தம்பதி வழக்குப் போட்ட பிறகே, காசு கொடுத்து நடிகர்களை வைத்து எடுத்தேன் என்று அவர் சொன்னார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. 1950இலேயே ஒரு வரி எழுதியிருந்தால் படத்தின் அழகில் எதுவும் குறைந்திருக்காது. தங்கள் இளமையையே அந்தப் படத்தில் கண்ட இருவர் நீதிமன்றம்வரை போக வேண்டியும் இருந்திருக்காது.

என் வாதத்துக்கு உண்மையிலேயே கடினமான சான்று நார்வேக்காரரான யோனாஸ் பெண்டிக்சன் செய்தது. மேக்னம் புகைப்பட நிறுவனத்தைச் சேர்ந்த அவர் 2021இல் வடக்கு மாசிடோனியாவின் வேலெஸ் நகரத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 2016 அமெரிக்கத் தேர்தலின்போது பொய்ச் செய்தித் தளங்களை நடத்திப் பேர் வாங்கிய ஊர் அது. அங்கே போய் ஆளில்லாத இடங்களை எடுத்து, அவற்றுக்குள் கணினியில் உருவாக்கிய மனிதர்களையும் கரடிகளையும் பொருத்தினார். நூலின் கட்டுரையைக்கூட மென்பொருளைக் கொண்டே உண்டாக்கினார். துறையினர் பாராட்டினார்கள், பத்திரிகைப் புகைப்படங்களுக்குப் பேர்போன பெர்பிஞ்ஞான் விழாவில் திரையிட்டார்கள், யாரும் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் அவரே ஒரு போலி ட்விட்டர் கணக்கைத் தொடங்கித் தன்மீதே குற்றம் சாட்டித்தான் உண்மையை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் மறைத்தவர் என்பதால் என் அளவுகோலின்படி அவர் குற்றவாளியா? பெரும்பாலும் இல்லை என்றே நினைக்கிறேன். எந்த மனிதரையும் அவர் பசியோடோ பயத்தோடோ நிறுத்தவில்லை. ஏமாந்தவர்கள் படங்களைச் சோதிக்கும் தொழிலில் உள்ள வல்லுநர்கள். சொல்லிவிட வேண்டும் என்ற முடிவு தொடக்கத்திலிருந்தே அந்த வேலைக்குள் இருந்தது. ஆனாலும் ஒரு நெருடல் மிஞ்சுகிறது. வேலெஸ் கற்பனை ஊரல்ல. அங்கே வாழும் மக்கள்மேல் ஏற்கெனவே ஒட்டியிருந்த பெயரை இன்னும் அழுத்தமாக ஒட்டியது அந்த நூல். அந்த ஊர்க்காரர்கள் அதைக் கேட்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தப் பேச்சுக்கே இடமில்லை, நிறுத்துவதற்கு ஆளே வேண்டாமே என்பவர்கள் 2023இல் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் பட்ட பாட்டைக் கவனிக்க வேண்டும். 2021இல் கொலம்பியாவில் நடந்த போராட்டத்தின்போது காவல்துறை செய்த வன்முறையை நினைவூட்ட, அந்த அமைப்பு கணினியில் உருவாக்கிய படங்களை வெளியிட்டது. போராடியவர்களின் அடையாளத்தைக் காக்கவே அப்படிச் செய்தோம் என்றது. செயற்கைப் படம் என்று சிறிய எழுத்தில் குறிப்பும் இருந்தது. ஆனாலும் கண்டனம் வலுத்து, படங்களை நீக்க வேண்டியதாயிற்று. கண்டித்தவர்கள் பக்கமே நான் நிற்பேன். நடந்த கொடுமைக்குச் சாட்சி சொல்வது அந்தப் படங்களின் வேலை. அந்த வேலையைச் செய்யும் படம் பொய்யென்றால், சிறிய எழுத்தில் ஒப்புக்கொள்வது போதாது. தெற்கு டகோட்டாவில் நகர்ந்த மண்டையோடு செய்ததையேதான் இதுவும் செய்யும். அடித்த காவலரும் அடிபட்ட இளைஞரும் உண்மையாக இருந்தும், அடிக்கவே இல்லை என்று சொல்ல விரும்புகிறவருக்கு வாய்ப்புக் கிடைத்துவிடும். ஆகவே சொல்லிவிட்டால் போதும் என்பதல்ல என் நிலைப்பாடு. படம் எவ்வளவு உரக்கச் சாட்சி சொல்கிறதோ, எப்படி எடுத்தது என்பதையும் அவ்வளவு உரக்கச் சொல்ல வேண்டும்.

அமெரிக்கரான ஃபிலிப் லோர்கா டிகோர்சியா 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சல்ஸ் தெருவில் உடலை விற்றுப் பிழைத்த இளைஞர்களை விளக்கு வைத்து, இடம் பார்த்து, நிறுத்தி எடுத்தார். ஒவ்வொரு படத்தின் தலைப்பிலும் அதில் இருக்கும் இளைஞர் சொன்ன பெயர், வயது, ஊர், படத்துக்கு நிற்க அந்த இளைஞர் வாங்கிய தொகை ஆகியவை உள்ளன. அந்தக் கணக்கைப் படிக்கையில், ஒருவர் நிறுத்தினார், இன்னொருவர் இவ்வளவுக்கு நின்றார் என்பது மறைக்க முடியாதபடி தெரிகிறது. நம் பத்திரிகைகளும் போட்டிகளும் அருங்காட்சியகங்களும் இதில் பாதியையாவது கடைப்பிடிக்கலாம். வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ 2015இல், பெல்ஜியத்தின் ஷார்லெரோய் நகரைப் பற்றிய தொகுதியில் ஒரு படம் பிரஸ்ஸல்ஸ் பகுதியில் எடுத்தது என்று தெரிந்ததும் தந்த பரிசைத் திரும்பப் பெற்றது. அந்த ஆண்டே நெறிமுறைகளையும் எழுதி வைத்தது. நம் செய்தி அறைகளில் வெள்ளத்தின்போதும் விபத்தின்போதும் பாதிக்கப்பட்டவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, கையை நீட்டச் சொல்லி, இன்னொரு முறை அழச் சொல்லி எடுக்கும் பழக்கம் இருக்கும்வரை, நமக்கும் அப்படி எழுதி வைத்த விதி தேவை.

ஹூப்பர் எடுத்த படங்கள் இன்றும் நம்மிடையே உலவுகின்றன. பஞ்சம் பற்றிய கட்டுரைகளிலும் காணொளிகளிலும் முகநூல் பதிவுகளிலும், சில நேரம் 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் என்ற தவறான தலைப்போடும் அவை வருகின்றன. அவற்றை ஒளித்து வைக்கச் சொல்லவில்லை. தாது வருஷத்தின் முகங்கள் வேறு எங்கும் நமக்கு எளிதில் கிடைக்காது. ஆனால் அடுத்த முறை அச்சிடும்போது படக்குறிப்பில் ஐந்து செய்திகள் இடம்பெற வேண்டும்: சென்னை மாகாணம், 1876–78, எடுத்தவர் படை அதிகாரி ஹூப்பர், இவர்கள் கேமராவுக்காக இப்படி நிறுத்தப்பட்டவர்கள், இவர்களுடைய பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை.